பன்னெண்டாவது டப்பா

படகுக் கயித்தைக் குடு மாரித், நான் கட்டிக்கிறேன். நீ போடுற முடிச்சு அவுக்கவே வராது, இறுகிப் போயிடும். கால் பாத்து வை, அந்தப் படி ஆடும். ஆங், வந்துட்டே. பாட்டில் வேறயா? ரம்மா? காலங்காத்தாலயேவா! சரி விடு, நங்கூரம் போட்ட அன்னிக்கு நேரம் காலம் ஏது. இரு, கிளாஸ் எடுத்துட்டு வரேன். ரெண்டு போதும். யோரிஸுக்கா? என் வீட்டுக்காரருக்கு வேணாம். சொல்றேன், சொல்றேன், மொதல்ல உக்காரு. மூஞ்சி எல்லாம் தோல் உரிஞ்சு கெடக்கு. உனக்கு அதுவும் அழகாத்தான் இருக்கு போ. எனக்கு உரிஞ்சா உருளைக்கெழங்கு மாதிரில்ல இருக்கு.

கரைக்கா? கரைக்கு எப்படிப் போவாரு? மேல மஞ்சக் கொடி பறக்குது, கண்ணு தெரியலையா? உன் படகுலயும் அதேதானே ஏத்தியிருக்கே. இன்னிக்கு சனிக்கிழமை. திங்கக்கிழமை ஆபீஸ் தொறந்து, அந்த பிரெஞ்சு போலீஸ்காரர் காகிதத்துல முத்திரை குத்துற வரைக்கும் ஒருத்தரும் மண்ணை மிதிக்கக் கூடாது. நேத்து சாயங்காலம் நான் வந்தேன். அதுலேர்ந்து இந்த ஹிவா ஓவா தீவு மலையையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். பூ வாசனை அடிக்குது பாரு. இருபத்தாறு நாள் உப்பு வாசனைக்கு அப்புறம் குமட்டுது எனக்கு.

எப்படி இருந்துச்சா? எல்லாருக்கும் இருந்த மாதிரிதான். காலபகஸ் தீவை விட்டு மூணாம் நாளே ரொட்டி பூசணம் பிடிச்சுது. பச்சைத் தக்காளி அத்தனையும் சொல்லி வெச்ச மாதிரி ஒரே நாள்ல பழுத்துச்சு. வேளா வேளைக்கு அதையே தின்னு எனக்கு நாக்கே வெந்து போச்சு. அப்புறம் இந்த முழிப்பு. நாலு மணி நேரம் நான், நாலு மணி நேரம் அவரு. ஒருத்தர் எந்திரிச்ச சூட்டுல இன்னொருத்தர் போய்ப் படுக்கணும். பேருக்கு புருஷன் பொண்டாட்டி, படுக்கையும் ஒண்ணுதான், ஆனா சேந்து படுத்ததே கிடையாது. உனக்கு என்ன, தனிக்காட்டு ராணி. பின்னாடி மாட்டியிருக்கியே, காத்தே சுக்கான் பிடிக்கிற அந்தக் கருவி, அது பாட்டுக்கு ஓட்டிக்கிட்டு வந்திருக்கும். அது பேசாது, பொய்யும் சொல்லாது.

அதனாலதான் காலைல எட்டு மணி ரேடியோ எனக்கு உசுரு. இருபது படகு, வரிசையாப் பேரைக் கூப்பிடுவாங்க. எங்க படகு முறை வந்தா, ஸேமேவ், ஸேமேவ், இருக்கீங்களா? இருக்கோம். எந்த இடம், எவ்வளவு காத்து, அலை எப்படி, கடைசியா ரெண்டு பேரும் சௌக்கியம். அவ்வளவுதான். சௌக்கியம்னு சொல்லிட்டா யாரும் ரெண்டாவது தடவை கேக்க மாட்டாங்க, அதுதானே வழக்கம். அடுத்து உன் படகை லுண்டேன்னு கூப்பிட்டா நீ வருவே. எங்களுக்கு அறுபது மைல் பின்னாடி. குரல்லயே சிரிப்பு இருக்கும் உனக்கு. டாக்டரம்மா டாக்டரம்மான்னு பாதிப் படகு உன்கிட்டதான் சந்தேகம் கேக்கும். கால் புண்ணு, காது வலி, மலச்சிக்கல். நாங்களும் கேட்டுக்கிட்டுதான் இருப்போம். அவரு வேலையெல்லாம் விட்டுட்டு ரேடியோ பக்கத்துல வந்து உக்காந்துக்குவாரு.

குடி, நல்லா இருக்கு ரம்மு.

டப்பா கதை சொல்றேன் கேளு. நம்ம எல்லாருமே தகர டப்பாவுல ஒட்டியிருக்குற காகிதத்தை உரிச்சுட்டு மார்க்கர்ல எழுதி வெக்கிறவங்கதான். இல்லேன்னா ஈரத்துல அது ஊறிப் போய் படகு அடியில தேங்குற தண்ணியை இறைக்கிற பம்பை அடைச்சுக்கும். பனாமாவுல உன் டப்பாவுக்கெல்லாம் எழுதிக் குடுக்குறேன்னு யோரிஸ் வந்தாரே உன் படகுக்கு, ஞாபகம் இருக்கா? மூணு நாள். ஒத்தை ஆள் சாப்பிடுற டப்பாவுக்கு மூணு நாள் எழுதினாரு மனுஷன். நான் அப்பக் கேக்கல. மத்தியானத்துக்கு சாப்பாடு வேற கட்டிக் குடுத்து அனுப்பினேன். ரெண்டு பேருக்கும்.

எட்டாம் நாளு ஒரே கெட்ட வாடை. ஏதோ டப்பா உப்பி ஒழுகுதுன்னு படுக்கைப் பலகையைத் தூக்கி எல்லாத்தையும் வெளிய எடுத்தேன். அவரு மேல் தளத்துல படகுப் பாயைச் சரி பண்ணிக்கிட்டு இருந்தாரு. என் நோட்டுல பீச் பழம் பதினொண்ணு. அங்க பன்னெண்டு இருந்துச்சு. பன்னெண்டாவது டப்பா அடி மூலையில, அவரு காலுறைக்குள்ள. மூடியில எழுதியிருந்தது என் கையெழுத்தும் இல்ல, அவரு கையெழுத்தும் இல்ல. பாதி வழியில திற, ஸ்பூன் ஒண்ணு போதும், இன்னொண்ணு என்கிட்ட இருக்கறதா நெனச்சுக்கோன்னு. கீழ ஒரு எம், உன் பேரோட மொத எழுத்து. எழுந்திருக்காத, உக்காரு. திட்டறதுக்கா உன்னை ஏத்தினேன்? பாதி வழிப் பரிசு ஒளிச்சு வெக்கிறது எல்லாரும் பண்றதுதான். நானும் அவருக்கு ஒண்ணு ஒளிச்சு வெச்சிருந்தேன். ஒரு சாக்லெட்டு.

டப்பாவை இருந்த இடத்துலயே திருப்பி வெச்சேன். காலுறையோட.

பத்தாம் நாளு அவருக்கு வயித்து வலி. தக்காளின்னு சொன்னேன், அவரும் ஆமான்னாரு. மறுநாள் நிமிர முடியல. ரேடியோ பக்கத்துப் படுக்கையில சுருண்டு கெடந்து, மாரித்தைக் கூப்பிடு, வலப்பக்கம் குத்துதுன்னு சொல்லு, அவ வேகத்தைக் கூட்டினா நாளைக்கு விடியறதுக்குள்ள வந்துடுவான்னாரு. உன் பேரை எவ்வளவு லேசாச் சொன்னாரு தெரியுமா. நான் போய் அந்த டப்பாவை எடுத்துட்டு வந்து அவரு மூஞ்சிக்கு நேரா மேசையில வெச்சேன். வழுக்காம இருக்க ஈரத்துணி போட்டு வெச்சேன். டப்பாவைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. மணி எட்டு. ஸேமேவ், இருக்கீங்களான்னு கூப்பிட்டாங்க. இருக்கோம், காத்து பதினெட்டு, நேத்து பெரிய மீன் ஒண்ணு மாட்டுச்சு, ரெண்டு பேரும் சௌக்கியம்னேன்.

எனக்கு சந்தோஷமா இருந்துச்சு மாரித். மறைக்க மாட்டேன். முப்பத்தொரு வருஷத்துல அந்த மனுஷன் அவ்வளவு கவனமா என்னைப் பாத்ததே இல்ல.

ஒரு நாள் மட்டும் நோக விடலாம்னுதான் நெனச்சேன். நாளைக்குச் சொல்லிக்கலாம்னு. ஆனா ஒரு தடவை சௌக்கியம்னு சொல்லிட்டா அடுத்த நாள் மாத்திச் சொல்ல வாய் வரல. நேத்து ஏன் சொல்லலைன்னு இருபது படகும் கேக்கும்ல? அதனால பன்னெண்டாம் நாள் உன்கிட்ட சுத்தி வளைச்சுக் கேட்டேன். ஊர்ல என் தங்கச்சி பொண்ணுக்கு வலப்பக்கம் வலி, காய்ச்சல், என்னவா இருக்கும் டாக்டரம்மான்னு. ஞாபகம் வருதா? எவ்வளவு பொறுமையாச் சொன்னே. குடல்வால், உடனே ஆஸ்பத்திரி, ஒருவேளை திடீர்னு வலி நின்னா சந்தோஷப்படாதீங்க, உள்ள உடைஞ்சிருச்சுன்னு அர்த்தம்னு. ரேடியோ சத்தத்தை நான்தான் கூட்டி வெச்சேன். மூணு அடி தூரத்துல அவரு கேட்டுக்கிட்டு இருந்தாரு. தவழ்ந்து வந்து மைக்கைத் தேடினாரு பாவம். நான் பேசி முடிச்ச கையோட அதைக் கழட்டி என் கோட்டுப் பையில போட்டு வெச்சிருந்தேன்.

எங்கன்னு கத்தாத. கீழ போய் என்ன பண்ணப் போறே? முன் அறையில வெங்காயமும் ஈரத்துணியும்தான் இருக்கு. சொல்லி முடிச்சிடுறேன், இன்னும் கொஞ்சம்தான்.

பதிமூணாம் நாள் காலைல வலி நின்னுடுச்சு. லீஸ்பெத், சரியாயிடுச்சுன்னு சிரிச்சாரு. நீ சொன்னது எனக்கு ஞாபகம் வந்துச்சு, அவருக்கும் வந்திருக்கும், சிரிப்பு அப்படியே நின்னு போச்சு. அன்னிக்கு சொல்லிடலாம்னுதான் மைக்கை மாட்டினேன். சத்தியமா. ரேடியோவுல உன் முறை முடிஞ்சதும் உள்ள பூந்து சொல்லணும்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். நீ சிரிக்கிறே. ஸேமேவ்காரங்களே, பாதி வழி வந்தாச்சே, யோரிஸ் பரிசைத் தொறந்தாச்சா, இனிப்பா இருந்துச்சான்னு கேளுங்கன்னே. இருபது படகு கேக்க. வாய் வரைக்கும் வந்ததை முழுங்கிட்டேன். தொறந்தாச்சு, ரொம்ப இனிப்புன்னேன்.

என்னைப் பாக்காத அப்படி. உன்னை நான் குத்தம் சொல்லல. உனக்கு என்ன தெரியும்? நீ சும்மா வெளையாட்டுக்குத்தானே கேட்டே.

மறுநாள் நாக்கு வறண்டு போய் அந்த பீச்சைக் கேட்டாரு. ஒரு துண்டு, ஒரே ஒரு துண்டுன்னு. பாதி வழியிலதானே திறக்கச் சொல்லியிருக்கு, பாதி வழி நேத்தே தாண்டிடுச்சுன்னேன்.

எங்க இருக்காருன்னா கேட்டே? எனக்கு இடம் சரியாத் தெரியும், நோட்டுல குறிச்சு வெச்சிருக்கேன். ஆறு டிகிரி தெக்கு, நூத்திப் பதினேழு டிகிரி மேக்கு. பதினஞ்சாம் நாள், காலைல பத்து மணி. கிழிஞ்ச முன் பாய்ல சுத்தி, பழைய நங்கூரச் சங்கிலியைக் காலோட சேத்துக் கட்டி விட்டேன். தனியா ஒரு ஆளைத் தூக்கி அந்தப் படகோரக் கம்பிக்கு மேல போடுறது எவ்வளவு பாடு தெரியுமா, இன்னும் இடுப்பு நிமிரல. மறுநாள் நீ அந்த இடத்துக்கு மேலதான் வந்திருப்பே. காலைல ரேடியோவுல சொன்னியே, காத்து அருமையா இருக்கு, டால்பின் கூடவே வருதுன்னு. நானும் சொன்னேன், ரெண்டு பேரும் சௌக்கியம், யோரிஸ் உன்னை விசாரிச்சாருன்னு.

இந்தா, உன் டப்பா. திறக்கல, பாரு, மூடி அப்படியே இருக்கு. உப்புத்தண்ணி பட்டும் உன் எழுத்து அழியவே இல்ல. எடுத்துட்டுப் போ, கரையில உனக்கு வேணும்னா தின்னு. ஸ்பூன் உன்கிட்ட இருக்குல்ல.