தோத்தவங்க டீ போடணும்

நாத்தனார்: சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்ல போல அந்தம்மா.

அண்ணி: அந்தம்மாவுக்குப் பசிக்கலையாம்.

நாத்தனார்: யார் சொன்னா?

அண்ணி: அந்தம்மாவேதான். கொஞ்சம் முன்னாடி.

நாத்தனார்: நேத்தும் இதையேதான் சொன்னாங்க. அண்ணனுக்கு மட்டும் தெரிஞ்சுது...

அண்ணி: உங்கண்ணன் காதுக்குப் போச்சுன்னா அந்தம்மா உன்னைச் சும்மா விடமாட்டாங்க.

நாத்தனார்: முதல்ல உட்காருங்க அண்ணி. ஜன்னலுக்கும் மேசைக்குமா கால் தேய நடக்கிறீங்க. பார்த்துப் பார்த்து எனக்குத் தலையே வலிக்குது.

அண்ணி: என்ன சொன்னே? "எனக்கு"வா?

நாத்தனார்: ஐயோ.

அண்ணி: "எனக்கு"ன்னு சொன்னே. மாட்டினே. போ, போய் டீ போடு.

நாத்தனார்: பாழாப்போன வாய்.

அண்ணி: தினமும் இதே தலைவலியில வந்து மாட்டுறே. வேற நோவே கிடைக்கலையா உனக்கு?

நாத்தனார்: எல்லாம் அந்தப் பயிற்சிக்காரர் பண்ணின வேலை. வேலைப்பளுவைச் சமாளிக்கிறது எப்படின்னு நம்ம கார்ட்டூன் ஸ்டுடியோவுக்கு வந்து ஒரு பொழுது பேசிட்டுப் போனாரே... உங்களை நீங்களே பக்கத்து வீட்டுக்காரங்களைப் பார்க்கிற மாதிரி பாருங்கன்னு.

அண்ணி: மத்தவங்க கொட்டாவி விட்டாங்க. நீதான் அதை விளையாட்டாக்கினே. தன்னைப் பத்திப் பேசினா யாரையோ பேசுற மாதிரி பேசணும், "நான்", "எனக்கு"ன்னு வாய் தவறினவங்க டீ போடணும். யார் போட்ட ரூல் இது?

நாத்தனார்: அந்தப் பொண்ணு போட்டதுதான். தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டா.

அண்ணி: ஆனா அவர் சொன்னது தப்பில்ல. தன் முதுகு தனக்குத் தெரியாதே. அன்னிக்கு டைரக்டர் வந்து, இது என்ன நரியா, நனைஞ்ச பூனையான்னு எல்லார் முன்னாடியும் கேட்டாரு. முன்னெல்லாம்னா அந்தம்மா பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டு அழுதிருப்பாங்க. இப்ப யாரோ வரைஞ்சதை யாரோ திட்டுறாங்கன்னு நின்னாங்க.

நாத்தனார்: கல்லு மாதிரி நின்னாங்க. பார்த்தவங்களுக்குத்தான் பயமா இருந்துச்சு.

அண்ணி: அதுக்குப் பேருதான் பக்குவம்.

நாத்தனார்: இந்தக் கெட்டிலை எவன் வாங்கிப்போட்டான்? குடம் கனம் கனக்குது... இந்தாங்க. சூடா இருக்கு.

அண்ணி: மேசையில வை.

நாத்தனார்: கையில வாங்குங்களேன்.

அண்ணி: வைடி. ஆறட்டும்... போன்ல ஏதோ வந்திருக்கு பாரு. டைரக்டரா இருக்கும். படி.

நாத்தனார்: உங்க போனுக்குத்தானே வந்திருக்கு.

அண்ணி: கண்ணாடியை எங்கேயோ வெச்சாச்சு.

நாத்தனார்: தலைமேல இருக்கு அண்ணி.

அண்ணி: ...நீயே படியேன். வாய் முத்தா உதிர்ந்துடப் போகுது?

நாத்தனார்: "ஆத்துக் காட்சி முழுசும் திரும்ப வரையணும். நரிக்குட்டி பாலத்துல பயப்படக்கூடாது, கோபப்படணும். திங்கட்கிழமை காலையில வேணும். முடியாதுன்னா இப்பவே சொல்லுங்க, வேற ஆள் பார்த்துக்கறேன். நாலு மணிக்குக் கூப்பிடறேன்."

அண்ணி: நாலுக்கு இன்னும் எவ்வளவு இருக்கு?

நாத்தனார்: கொஞ்ச நேரம்தான். பயப்படணும்னு சொன்னதும் இதே மனுஷன்தானே அண்ணி?

அண்ணி: ஆமா. அதுக்கு முன்னாடி சிரிக்கணும்னாரு.

நாத்தனார்: அந்த நரிக்கே பைத்தியம் பிடிச்சிருக்கும். இன்னிக்கு வெள்ளிக்கிழமை. அந்தம்மா என்ன சொல்லப் போறாங்க?

அண்ணி: முடியும்னுதான்.

நாத்தனார்: அந்தம்மா ஒரு ஞாயித்துக்கிழமை வீட்ல இருந்து எத்தனை நாளாச்சு?

அண்ணி: வீடு பிடிக்கலை போல.

நாத்தனார்: அண்ணனையுமா?

அண்ணி: அவரைப் பிடிக்கும். அவரோட குறட்டையைத்தான் பிடிக்காது.

நாத்தனார்: சிரிக்க வைக்காதீங்க. உட்காருங்க முதல்ல. பக்கத்து வீட்டுக்காரங்க மாதிரியே பார்ப்போம், வாங்க. ஒரு ஓவியர், அந்தம்மா மாதிரி ஒரு தலைமை ஓவியருக்குக் கீழ வேலை செய்றாங்க. சோறு தண்ணி இல்ல. ராத்திரி புரண்டுட்டே கிடக்காங்க. உட்கார்ந்த இடத்துல உட்கார முடியல. தலைமை ஓவியர் அவங்களை என்ன பண்ணணும்?

அண்ணி: வீட்டுக்கு அனுப்பணும்.

நாத்தனார்: அவ்வளவுதானே. அதைத்தானே அந்தப் பொண்ணும் சொல்றா.

அண்ணி: ஆனா இந்தப் பொம்பளைக்கு அது பொருந்தாது.

நாத்தனார்: இவங்களுக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு?

அண்ணி: இத்தனை வருஷம் அடுத்தவங்க நரிக்கு வால் வரைஞ்சவங்கடி இவங்க. வால், காது, பின்னாடி நிக்கிற மரம். இப்பதான் முழு நரியும் கைக்கு வந்திருக்கு. இப்ப முடியாதுன்னா நாளைக்கு எவனும் கூப்பிட மாட்டான். அந்தப் பயம் இருக்காதா அவங்களுக்கு?

நாத்தனார்: பயம் அவங்களுக்கா?

அண்ணி: அவங்களுக்குத்தான். இங்க பேசுறவங்களுக்கு என்ன?

நாத்தனார்: தள்ளி நின்னு பாருங்கன்னுதான் அவர் சொன்னாரு. நீங்க வீட்டைப் பூட்டிட்டு ஊரைவிட்டே போயிட்டீங்க அண்ணி.

அண்ணி: ரொம்பத்தான் பேசுறே. வேலையைப் பாரு.

நாத்தனார்: வேலையைத்தான் பேசணும். அந்தப் பொண்ணுக்கு இங்க என்ன வேலை? அந்தம்மா பென்சில்ல வரைஞ்சது மேல சுத்தமா கோடு இழுக்கிறது. அப்போ கோட்டைப் பத்திப் பேசலாம்ல?

அண்ணி: கோட்டுக்கு என்ன?

நாத்தனார்: நடுங்குது.

அண்ணி: ஆத்துத் தண்ணிடி. ஆடாம என்ன பண்ணும்?

நாத்தனார்: தண்ணி ஆடட்டும். கரை ஆடுமா? பாலத்துக் கம்பி ஆடுமா? நரி மூக்கு எதுக்கு ஆடுது?

அண்ணி: நரி பயந்துபோயிருக்கு.

நாத்தனார்: தூங்குற காட்சியிலயுமா?

அண்ணி: ...கெட்ட கனவு கண்டிருக்கும்.

நாத்தனார்: அண்ணி.

அண்ணி: அது ஒரு ஸ்டைல். டைரக்டரே கோட்டுல உயிர் இருக்குன்னு சொன்னாரே.

நாத்தனார்: அவர் பார்த்தது அந்தப் பொண்ணு இழுத்த கோட்டை. அந்தம்மா வரைஞ்சதை அப்படியே பார்த்திருந்தா வேற மாதிரி பேசியிருப்பாரு. ஒவ்வொரு கோட்டையும் நிமிர்த்தி, நிமிர்த்தி அனுப்பியிருக்கா. யார்கிட்டயும் மூச்சு விடல.

அண்ணி: ...எப்பலேர்ந்து?

நாத்தனார்: மழைக் காட்சியிலேர்ந்து. முதல்ல மழைதான் அப்படின்னு நினைச்சா. அப்புறம் மழை விட்டுடுச்சு, நடுக்கம் விடல.

அண்ணி: ஜன்னலைச் சாத்து. வெளியில ஒரே ஹாரன் சத்தம்.

நாத்தனார்: சாத்தித்தான் இருக்கு.

அண்ணி: அப்போ திறந்து விடு. புழுங்குது.

நாத்தனார்: போன் அடிக்குது அண்ணி. எடுங்க.

அண்ணி: நீ எடுத்து ஸ்பீக்கர்ல போடு. கை ஈரமா இருக்கு.

நாத்தனார்: ஈரமா? எதைத் தொட்டீங்க? டீயைக்கூடத் தொடல. ஆடை கட்டிப்போச்சு.

அண்ணி: எடுடி... நின்னுடுச்சு பாரு. சந்தோஷமா உனக்கு?

நாத்தனார்: திரும்ப அடிப்பாரு. அதுக்குள்ள சொல்லுங்க. அந்தம்மாவோட வலது கைக்கு என்ன ஆச்சு?

அண்ணி: அந்தம்மா கை நல்லாத்தான் இருக்கு.

நாத்தனார்: அப்போ இந்தாங்க பென்சில். ஒரே ஒரு மூக்கு வரையச் சொல்லுங்க அவங்களை. சின்ன வட்டம். கண்ணை மூடிட்டுப் போடுவாங்களே.

அண்ணி: இப்ப அவங்களுக்கு மனசு சரியில்ல.

நாத்தனார்: பிடிங்க அண்ணி.

அண்ணி: விளையாடாதே...

நாத்தனார்: பிடிங்க.

அண்ணி: சரி, குடு...

நாத்தனார்: விழுந்துடுச்சு.

அண்ணி: பென்சில் வழுக்குது.

நாத்தனார்: இந்தாங்க, இன்னொரு தடவை.

அண்ணி: போன்... போன் அடிக்குதுடி.

நாத்தனார்: அடிக்கட்டும்.

அண்ணி: முடியும்னு சொல்லிடு அவர்கிட்ட. அந்தம்மா எப்படியாவது பார்த்துப்பாங்க. அவங்க பார்த்துப்பாங்க...

நாத்தனார்: இங்க எந்த அந்தம்மாவும் இல்ல அண்ணி. நீங்க மட்டும்தான் இருக்கீங்க. சொல்லுங்க.

அண்ணி: என்னால முடியலடி.

நாத்தனார்: ம்.

அண்ணி: கட்டை விரல்லேர்ந்து முழங்கை வரைக்கும் எரியுது எனக்கு. காலையில எழுந்தா விரல் மடங்க மாட்டேங்குது. உங்கண்ணன் பார்த்துடுவாரோன்னு இடது கையால தலை வாருறேன். டாக்டர்கிட்ட போய் அவர் வரையாதேன்னு சொல்லிட்டா... அப்புறம் நான் யாருடி?

நாத்தனார்: எங்க அண்ணி. வேற யாரு? அழுங்க, பரவாயில்ல. குழாய் எல்லாம் திறக்க வேண்டாம், இங்கேயே அழுங்க. நாளைக்குக் காலையில டாக்டர்கிட்ட போறோம். அண்ணனும் வரட்டும்.

அண்ணி: திட்டுவாரு.

நாத்தனார்: திட்டட்டும். திட்டி முடிச்சுட்டு அவரே தலை வாரி விடட்டும். திரும்பவும் அடிக்கிறாரு. இப்ப டைரக்டர்கிட்ட என்ன சொல்லட்டும்?

அண்ணி: அந்தம்மாவுக்கு... இல்ல. குடு, நானே பேசறேன். காதுகிட்ட மட்டும் பிடிச்சுக்கோ... சார், நான்தான். வரையலை சார். திங்கட்கிழமைக்கு மட்டும் இல்ல. எனக்குக் கை சரியில்ல, சரியாகிற வரைக்கும் வரைய மாட்டேன்... பார்த்துக்கோங்க சார், வேற ஆள் இருந்தா பார்த்துக்கோங்க. நான் திரும்பி வந்ததும் கூப்பிடறேன்... சரி சார்... வெச்சுட்டாருடி.

நாத்தனார்: என்னவாம்?

அண்ணி: ஒண்ணும் சொல்லல. பெருமூச்சு விட்டாரு. நரி போச்சுடி.

நாத்தனார்: போகட்டும். கை இருந்தா காடு முழுக்க நரி. இப்பவாவது உட்கார்ந்தீங்களே.

அண்ணி: எத்தனை தடவை "நான்"னு சொல்லியிருக்கேன் பாரு. தோத்துட்டேன்.

நாத்தனார்: பத்து டீக்குத் தோத்திருக்கீங்க.

அண்ணி: அதான் சொல்ல வந்தேன்... நான் டீ போட மாட்டேன்டி. அந்தக் கெட்டிலைத் தூக்கினா விரல் விட்டுடுது. ஒரு நாள் சுடுதண்ணி காலுக்குப் பக்கத்துல கொட்டிடுச்சு. அந்தப் பயத்துலதான் இத்தனை நாளும் நாக்கைக் கட்டிக்கிட்டு, தோக்கவே கூடாதுன்னு... நீயும் பார்த்துப் பார்த்து, பக்குவம்னு நினைச்சிருப்பே.

நாத்தனார்: நல்ல ஆளு அண்ணி நீங்க. பின்ன, தினமும் டீ நேரம் வந்ததும் வராததுமா "எனக்குத் தலை வலிக்குது"ன்னு சொல்ல, எனக்கென்ன நிஜமாவேவா தலை வலிச்சுது?