சைரன் ஒலிக்கவில்லை

வாய்க்குள் தண்ணீர். உப்பு, சேறு. வள்ளம் கவிழ்ந்து கிடக்கிறது. கூடைகள் மிதக்கின்றன. தலைக்கு மேலே விமானம் தீவை நோக்கித் தாழ்கிறது. குண்டு எதுவும் விழவில்லை.

1943. மாசி மாதம், செவ்வாய்க்கிழமை. காலை 10.40.

மட்டாஞ்சேரித் துறையிலிருந்து வில்லிங்டன் தீவுக்குப் போகிறோம். அங்கே ராணுவ விமானதளம். ஓடுபாதை வேலை நடக்கிறது. அப்பா மேஸ்திரி. கோமதி அத்தையும் நானும் அவருக்குச் சோறு கொண்டுபோகிறோம். கூடவே மண் சுமக்கும் பெண்கள். எனக்குப் பதினொரு வயது. மடியில் நோட்டும் அப்பாவின் பழைய கடிகாரமும். வந்திறங்கும் ஒவ்வொரு விமானத்துக்கும் நேரம் குறிப்பேன். சத்தத்தை வைத்தே ரகம் சொல்வேன்.

"ஏ நோட்டுக்காரி, வர்றது நம்மதா, அவனுதா?" பெண்கள் சீண்டுவார்கள். நான் ஒருமுறையும் தவறியதில்லை.

அன்று தெரியாத சத்தம். கரகரப்பு. நடுவில் விசில் போல ஒன்று.

"ஜப்பான்காரன்! ஜப்பான்காரன் வர்றான்!"

கத்தியது நான். எல்லோரும் எழுந்தார்கள். "இரிக்கு! எல்லாரும் இரிக்கு!" உட்காரச் சொல்லி வள்ளக்காரர் அலறினார். அவர்கள் என்னை நம்பினார்கள்.

அது பிரிட்டிஷ் விமானம். தளத்துக்கு அன்றுதான் முதலில் வந்த ரகம்.

தண்ணீரிலும் நோட்டை நான் விடவில்லை. மறுநாள் அதைக் காயவைத்து எழுதினேன்: "10.38. சைரன் ஒலித்தது. ஜனங்கள் பயந்தனர்." தப்பிய பெண்கள் அந்த வாரமே ஊர் திரும்பிவிட்டார்கள். வள்ளக்காரர் என்னைப் பார்த்தார். சாகும்வரை யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

எண்பது வருஷம் ஆகிவிட்டது. விமானதளத்தின் வரலாற்றைத் தொகுப்பவர்கள் போன மாதம் வந்தார்கள். அந்த வரியைப் படம் எடுத்தார்கள். அன்று நடந்ததற்கு வேறு ஆதாரம் இல்லையாம்.

சென்ற ஞாயிறு, மாலை 4.15. ராகவன் வந்தான். அத்தையின் மகன். அன்று அவனுக்கு இரண்டு வயது. இன்று எண்பதைத் தாண்டியவன். சாயாவை ஆற்றியபடி சொன்னான்: "அக்கா, அந்த சைரன்காரன் சும்மா இருந்திருந்தா, எங்கம்மா முகம் எனக்கு ஞாபகம் இருந்திருக்கும். இத்தனை வருஷம் அவனைச் சபிச்சிருக்கேன்."

"சைரன் அடிக்கலைடா. கத்தினது நான்."

டம்ளரை வைத்தான். பாதி சாயா அப்படியே இருந்தது. குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான். இன்று புதன். போனை எடுக்கவில்லை.

இழந்தவை: வள்ளம் ஒன்று. தூக்குப்பாத்திரம் ஒன்று. கோமதி அத்தை, வயது இருபத்து நான்கு. மண் சுமந்த பெண்கள் இருவர். அன்றைய பக்கத்தில் நான்கு விமானங்களின் நேரம் நிமிடம் பிசகாமல் இருக்கிறது. அந்த இருவரின் பெயர் இல்லை. தினமும் கூடவே வந்தார்கள். நான் கேட்டதில்லை.