வெள்ளிக்கிழமைகளில் மட்டும் கொஞ்சம் தாமதம்

நம் ஊரில் ஒரு மிக்ஸி வாங்குவதென்றாலும் நாலு வீட்டில் விசாரிக்காமல் யாரும் வாங்குவதில்லை. நல்ல பழக்கம். நானும் அப்படித்தான். என் பிரவுசிங் சென்டருக்கு யூபிஎஸ் வாங்கும் முன்பு ராமநாதபுரத்தில் மூன்று கடைகளில் போய் உட்கார்ந்து, கரண்ட் போகும்வரை காத்திருந்து, எது எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன்.

அஜீஸ் மாமா, ஜமாஅத் செயலாளர் என்ற முறையில் நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். லத்தீபா லாத்தா கேட்டனுப்பிய ஒரே ஒரு கேள்விக்கு ஆமா, இல்லை என்று எழுதினால் போதும் என்றும் சொன்னீர்கள். ஆனால் வெறும் ஆமா, இல்லையை வைத்து ஒரு ஆளை எடைபோடக் கூடாது. என் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்தது அது. அதனால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

பாஸ்போர்ட் விண்ணப்பம் நிரப்புவது, போட்டோ ஸ்கேன் பண்ணுவது, சவுதிக்கு மெயில் அனுப்பிக் கொடுப்பது எல்லாம் நீங்கள் அறிந்த என் வேலை. நீங்கள் அறியாத வேலை ஒன்று உண்டு. வெப்சைட் ஆரம்பிக்கிறவர்கள் அதை வைப்பதற்கு ஏதாவது ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரில் வாடகைக்கு இடம் பிடிக்க வேண்டும். அதற்குப் பெயர் ஹோஸ்டிங். அப்படி ஆயிரக்கணக்கான கம்பெனிகள் இருக்கின்றன. எதை நம்புவது என்று தெரியாமல் ஜனங்கள் முழிப்பார்கள். அவர்களுக்காக நான் இங்கிலீஷில் ஒரு ரிவ்யூ சைட் நடத்தினேன். ஒவ்வொரு கம்பெனியும் எப்படி என்று, பயன்படுத்திப் பார்த்தவர்களே எழுதியதுபோல் இருக்கும். அத்தனையும் எழுதியவன் நான் ஒருவன். அதில் எப்போதும் முதலிடத்தில் நிற்கும் கம்பெனி எனக்கு கமிஷன் கொடுத்தது.

இதைச் சுலபமான வேலை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கம்பெனியை ஆஹா ஓஹோ என்று எழுதினால் எவனும் நம்ப மாட்டான். ஒரு குறை சொல்ல வேண்டும். அந்தக் குறை உண்மையாகத் தெரிய வேண்டும், ஆனால் வாங்குகிறவனைத் தடுத்துவிடக் கூடாது. சாப்பாடு பிரமாதம், வாழை இலைதான் கொஞ்சம் சின்னது என்பதுபோல. இந்த ஒரு வித்தையைப் பிடிக்க எனக்கு ஒரு வருஷம் ஆனது. பிடித்த பிறகு என் சைட்டை யாரும் சந்தேகப்படவில்லை.

இன்னொன்று முகம். எழுதியவரின் போட்டோ இருந்தால் நம்பிக்கை இரண்டு மடங்கு. என் கம்ப்யூட்டரில் நம் ஊர்க்காரர்களின் பாஸ்போர்ட் போட்டோக்கள் நூற்றுக்கணக்கில் கிடந்தன. சும்மா கிடந்ததை எடுத்துப் போட்டேன். பெயரையும் மாற்றவில்லை. பெயரை மாற்றினால் முகத்தோடு ஒட்டாது. அஜீஸ் மாமா, நீங்களும் அதில் இருக்கிறீர்கள். துபாயில் பேரீச்சம்பழ வியாபாரம். நான்கு நட்சத்திரம்.

லாத்தாவின் வீட்டுக்காரர் ஹமீது மச்சான் 2005இல் டிரைவர் விசாவில் சவுதியில் உள்ள தம்மாமுக்குப் போனபோது அவர் போட்டோவை ஸ்கேன் பண்ணியது நான்தான். இடது புருவத்தின் நடுவில் ஒரு வெட்டுத் தழும்பு, அந்த இடத்தில் முடி இருக்காது. பாஸ்போர்ட்டுக்கு அப்படியே கொடுத்தேன். ரிவ்யூவுக்குப் போடும்போது தழும்பை அழித்து, புருவத்தைச் சேர்த்து வரைந்தேன். வெகுநேரம் பிடித்த வேலை. அந்தப் புருவத்தை அவரைப் பெற்றவர்களுக்கு அடுத்தபடியாக நன்றாகப் பார்த்தவன் நானாகத்தான் இருப்பேன். அவர் பெயரில் எழுதியது இவ்வளவுதான்: மூன்று வருஷமாக இந்தக் கம்பெனியில் என் சைட் இருக்கிறது, ஒருநாளும் நின்றதில்லை, வெள்ளிக்கிழமைகளில் மட்டும் போனை எடுக்கக் கொஞ்சம் தாமதம்.

2007 பிப்ரவரியோடு மச்சானின் போன் நின்றுவிட்டது உங்களுக்குத் தெரியும். ஓடிப்போய்விட்டான் என்று, அங்கே கபில் என்று சொல்லும் அரபி முதலாளி கைகழுவிவிட்டார். ஒரு வருஷம் லாத்தா உங்களிடமும் நடந்தார், ராமநாதபுரம் கலெக்டர் ஆபீசுக்கும் நடந்தார். 2008 ஜனவரியில் என் கடைக்கு வந்தார். மச்சானின் போட்டோவும் பாஸ்போர்ட் நம்பரும் போட்டு ஒரு வெப்சைட் வைத்தால், வளைகுடாவில் இருக்கிற யாராவது ஒருவர் கண்ணில் படாதா என்பது அவர் யோசனை. நல்ல யோசனை. அதை நான் அப்போதும் சொன்னேன்.

எந்தக் கம்பெனியில் வைப்பது என்பதை மட்டும் என்னிடம் விடவில்லை.

"கோவிச்சுக்கிறாதீங்க தம்பி. நானே படிச்சுப் பாத்துக்கிறேன்" என்றார். "யாராச்சும் அவுகள ஒருநா ரோட்டுல பாத்துட்டு, ஓடிப்போயி சைட்டத் தொறந்தா அன்னைக்குன்னு அது நின்டு போயிருச்சுன்னா நான் என்ன செய்வேன்? நிக்காத கம்பெனி எதுன்னு தெரியணும்."

பிளஸ் டூ படித்தவர். கையில் டிக்ஷனரியோடு சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு வந்து உட்காருவார். நான்கு நாள் படித்தார். தேடினால் முதலில் வருவது என் சைட்தான். அது என்னுடையது என்று அவருக்குத் தெரியாது. நான்காம் நாள் அவர் பக்கமிருந்து சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். மானிட்டரில் ஒரு விரலை வைத்துக்கொண்டு இருந்தார்.

"இங்கன பாருங்க தம்பி" என்றார். "அவுக."

ரிவ்யூவுக்கு மேலே பன்னிரண்டு நாளைக்கு முந்தைய தேதி இருந்தது. தேதிகள் தானாக மாறிக்கொண்டே இருக்கும்படி நான் செய்து வைத்திருந்தேன். பழைய ரிவ்யூவை யாரும் மதிப்பதில்லை.

"இது வேற ஹமீதா இருக்கும் லாத்தா" என்று நான் சொன்னேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருமுறை சொன்னேன்.

"தழும்பத்தான் காணோம். ஆனா குறை சொல்லியிருக்காக பாத்தீகளா? அவுகளேதான். கல்யாணத்தன்னைக்கே பிரியாணில உப்பு பத்தலன்னு எங்க வாப்பாட்டயே சொன்னவுக." பிறகு அந்தக் கடைசி வரியை மறுபடி படித்தார். "வெள்ளிக்கிழம போன் எடுக்கலைன்னு போட்டிருக்காக. கடைசியா போன் வந்த வெள்ளிக்கிழம, சண்ட போட்ட கோவத்துல நான்தான் எடுக்கல தம்பி. அத இன்னும் மனசுல வச்சிருக்காக."

அப்போது கரண்ட் போனது. யூபிஎஸ் பத்து நிமிடம் தாங்கியது. மீதி இரண்டு மணி நேரம் இருட்டில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். லாத்தா அழுதுகொண்டும் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொண்டும் இருந்தார். நான் யோசித்தேன். ஆகவே அவசரத்தில் செய்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஒரு ரிவ்யூ பொய் என்று வெளியே போனால் மற்ற எல்லாமும் பொய்யாகிவிடும். ஊரில் பாதிப் பேர் முகம் அதில் இருக்கிறது. மூன்று வருஷத்து உழைப்பு. அதோடு, ஒரு வருஷமாக அழுத மனுஷி அன்றைக்குத்தான் சந்தோஷமாக அழுதார். தழும்பைப் பற்றி மட்டும் அவருக்கு ஒரு உறுத்தல் இருந்தது. "சின்னப் படத்துல அதெல்லாம் தெரியாது லாத்தா" என்றேன். அதோடு தீர்ந்தது.

வெப்சைட் வேண்டாம் என்றுவிட்டார். ஆள் இருக்கும்போது தேடுவதற்கு எதற்கு சைட் என்றார். சரியான பேச்சுதான்.

ஒவ்வொரு ரிவ்யூவுக்கும் கீழே, எழுதியவரிடம் கேள்வி கேட்க ஒரு கட்டம் உண்டு. லாத்தா அதில் எழுதினார். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். அது எனக்கு வந்து சேரும். பதில் எழுதாமல் விட்டிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். பதில் வராத ரிவ்யூவை ஜனங்கள் சந்தேகப்படுவார்கள். ஒன்றரை நாள் பொறுத்து எழுதினேன். கபிலிடமிருந்து தப்பி ஒரு கம்ப்யூட்டர் கடையில் மறைந்து வேலை செய்கிறேன், போன் பண்ணினால் பிடித்துவிடுவார்கள், யாரிடமும் விவரம் சொல்ல வேண்டாம், பொறுமையாக இரு. அதோடு ஒரு குறை: போன தடவை சம்சுதீனிடம் கொடுத்துவிட்ட மாசித்தூளில் மணல் இருந்தது. சம்சுதீன் சவுதிக்கு மாசித்தூள் கொண்டுபோன சங்கதி எனக்குத் தெரியும். பார்சலில் விலாசம் எழுதியது நான்தான்.

மாசித்தூளைப் படித்துவிட்டு லாத்தா சிரித்தார். அவர் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அதிலிருந்து வாரம் தவறாமல் எழுதினார், நானும் எழுதினேன். நல்ல சேலை உடுத்த ஆரம்பித்தார். மகள் சபியாவின் போட்டோவை என்னிடமே ஸ்கேன் பண்ணி மச்சானுக்கு அனுப்பினார். பணம் பற்றி ஒருமுறைகூடக் கேட்கவில்லை. எப்போது வருவீர்கள் என்றுதான் கேட்டார். அதற்கு மட்டும் நான் தேதி எழுதியதில்லை. நிறைவேற்ற முடியாத வாக்கைக் கொடுக்கும் வழக்கம் எனக்கில்லை.

மார்ச்சில் மீரா சாகிபு காக்காவின் மெயில் வந்தது. தம்மாமில் துணிக்கடையில் இருப்பவர், லீவு நாளில் ஆஸ்பத்திரிகளில் போய் நம் பக்கத்து ஆள் யாரும் கிடக்கிறார்களா என்று பார்ப்பவர். ஜமாஅத்துக்கு வரும் மெயிலை நான்தான் பிரிண்ட் எடுத்துத் தருவேன். ரோட்டில் அடிபட்டு ஒரு வருஷமாகப் பேச்சில்லாமல் ஒருவர் கிடக்கிறார், கையில் எந்தக் காகிதமும் இல்லை, முகம் நம் ஊர் சாயல், படம் இணைத்திருக்கிறேன், சொந்தக்காரர்கள் பாஸ்போர்ட் நகல் அனுப்பினால் எம்பஸி மூலம் ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று எழுதியிருந்தார். கடிதத்தைப் பிரிண்ட் எடுத்து அன்றே உங்களிடம் கொடுத்தேன். படம் திறக்கவில்லை என்றேன். நீங்கள் வளைகுடாவில் ஆள் காணாமல் போன மூன்று வீட்டுக்கும் சொல்லி அனுப்பினீர்கள். இரண்டு வீட்டார் பதறிக்கொண்டு வந்தார்கள். அடையாளம் விசாரித்ததில் அவர்கள் பிள்ளைகள் இல்லை என்று ஆனது. லாத்தா வரவில்லை.

"எங்க வீட்டுக்காரவுக நல்லா இருக்காக. போன வாரங்கூடப் பேசிக்கிட்டோம். எங்க பாஸ்போர்ட்ட யாருக்கும் தர மாட்டோம்" என்று நீங்கள் அனுப்பிய முனியசாமியிடம் சொல்லிவிட்டார்.

மீரா சாகிபு காக்கா இரண்டு தடவை மறுபடி எழுதினார். மே ஒன்பதாம் தேதி அந்த மனிதர் மௌத்தானார். பெயர் தெரியாதவர் என்று அங்கேயே அடக்கினார்கள். பெருநாள் முடிந்து காக்கா லீவில் வந்தபோது, செல்போனில் இருந்த படத்தை லாத்தாவிடம் காட்டியிருக்கிறார். மிச்சம் உங்களுக்குத் தெரியும். உடல் இல்லாமலேயே காயிப் ஜனாஸா தொழுதபோது நானும் கடைசி வரிசையில் நின்றேன்.

ஆலிம்சா நாளைக் கூட்டிப் பார்த்து, இத்தா முடிந்துபோய்விட்டது, இனி இருக்க வேண்டியதில்லை என்றாராம். புருஷனுக்காக இருக்கவேண்டிய நாலு மாதம் பத்து நாளும் அந்தப் பெண்ணுக்குத் தெரியாமலேயே கழிந்துவிட்டது என்று ஊரே வருத்தப்படுகிறது. எனக்கும் வருத்தம்தான். ஆனால் அந்த நாலு மாதம் பத்து நாளும் லாத்தா சிரித்த முகமாக இருந்தார். அதைப் பற்றி இதுவரை ஒருவரும் பேசவில்லை.

இப்போது லாத்தாவின் கேள்வி. அவர் சீட்டில் எழுதி அனுப்பியதை அப்படியே எழுதுகிறேன். "அந்தப் படம் தொறந்துச்சா, தொறக்கலையா தம்பி?"

திறந்தது.

முழுசாகத் திறந்தது. நல்ல தெளிவான படம். தலையில் கட்டு, மூக்கில் குழாய், கன்னம் ஒட்டிப்போயிருந்தது. பார்த்த மாத்திரத்தில் மற்றவர்களுக்கு அடையாளம் தெரிந்திருக்குமோ என்னவோ. எனக்குத் தெரிந்தது. இடது புருவத்தில் தழும்பு அப்படியே இருந்தது. நான் அழித்த தழும்பு.

அதைப் பார்த்துவிட்டு நான் சும்மா இருந்துவிட்டதாக ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது சரியில்லை. உங்களிடம் கடிதத்தைக் கொடுப்பதற்கு முன்னால் உட்கார்ந்து, ஹமீது மச்சான் எழுதுவதாக லாத்தாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். இங்கே ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது, ஆஸ்பத்திரியில் உங்கள் ஆள் கிடக்கிறார் என்று ஊருக்கு எழுதி பாஸ்போர்ட் நகலை வாங்கி ஏமாற்றுகிறது, யார் வந்து கேட்டாலும் கொடுக்காதே, படம் காட்டினாலும் பார்க்காதே. கடைசி வரியாக, நீ அனுப்பிய போட்டோவில் சபியாவுக்கு வகிடு கோணலாக எடுத்திருக்கிறாய், பிள்ளைக்குத் தலை சீவக்கூட நேரமில்லையா உனக்கு.

லாத்தா அன்று மாலையே கடைக்கு வந்து அதைப் படித்தார். வகிட்டைப் படித்துவிட்டுச் சிரித்தார். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் மேலே உள்ளதை நம்பியிருக்க மாட்டார்.