மழையில் தெரிந்த முகம்

ஒரு சின்னக் கதை இருக்கு… மழையில நடந்தது. சொல்லட்டுமா?

புயல் ஓஞ்சு பதினோரு நாள். கடலுக்குப் போன முப்பது பேர்ல இருபத்திரண்டு பேரை ஒரு கப்பல் கரைக்குக் கொண்டு வருது. யார் யாருன்னு பட்டியல் இன்னும் வரலை. துறைமுகத்துல மழை… சாம்பல் கடல், சாம்பல் வானம், ரெண்டுக்கும் நடுவுல கோடே இல்லை. ஏதோ கனவுக்குள்ள நிக்கிற மாதிரி. அங்க ஒரு டிவி சேனலோட வேன், நேரடி ஒளிபரப்பு. வேனுக்குள்ள பரிமளான்னு ஒரு இன்ஜினியர்.

தூரத்து ஊர்ல சகாயசெல்வி. நிறைமாசம், பஸ் ஏறி வர முடியாது. டிவி முன்னாடியே உட்கார்ந்திருக்கா. புருஷன் கிளீட்டஸ் அந்த இருபத்திரண்டுல இருக்காரா? ஆட்கள் இறங்குறாங்க… திரையில முகமே இல்லை. கட்டம் கட்டமா ஏதோ மிதக்குது. சேனலுக்குப் போன் போட்டா. அவங்க வேனுக்கே இணைச்சுட்டாங்க.

"அக்கா, எல்லாரும் வாறாங்க… ஆரு எவருன்னு தெரியல்ல. எங்க டிவி கெட்டுப்போச்சா?"

"உங்க டிவி நல்லாத்தான் இருக்கும்மா."

அப்புறம் ஏன்? ஹெச்.டி. படத்தை யாரும் முழுசா வானத்துல இருக்கிற சாட்டிலைட்டுக்கு அனுப்புறதில்லைங்க. அவ்வளவு இடம் கிடையாது. சுருக்கித்தான் அனுப்பணும். அசையாத சுவரை ஒரு தடவை அனுப்பினாப் போதும். அப்புறம் எது மாறுதோ அது மட்டும் போகும். மழையில? ஒவ்வொரு துளியும் மாறுது. அலை மாறுது. கூட்டம் மாறுது. கேமராவும் ஆளுங்க பின்னாடியே ஓடுது. எல்லாமே மாறினா… எதுவும் போய்ச் சேராது.

பரிமளா போனை காதுல வச்சபடியே மழையில இறங்கினா. கேமராமேன்கிட்ட, "மீன் ஏலக் கூடத்துக்குள்ள வாங்கண்ணே. சுவரைப் பாத்து ஸ்டாண்டுல வைங்க. அப்புறம் அசைக்காதீங்க." கரையேறினவங்களைக் கையெடுத்துக் கும்பிட்டா. "ஒவ்வொருத்தரா இங்க வந்து ரெண்டு நொடி நில்லுங்க. வீட்ல பாத்துக்கிட்டிருக்காங்க."

ஒருத்தர் வந்து நின்னார். கட்டமெல்லாம் கரைஞ்சு… கண்ணு வந்தது. வாய் வந்தது. அடுத்தவர்… அடுத்தவர்… பதினேழாவதா ஒருத்தர், தாடியோட, நடுங்கிக்கிட்டே வந்து நின்னார்.

பரிமளா போனைக் காதோட அழுத்திக்கிட்டா.

"அம்மா… இருக்கீங்களா?"

"இருக்காரு அக்கா," ன்னா சகாயசெல்வி.

இருபத்திரண்டு முகமும் தெரிஞ்சுது. வராத எட்டுப் பேர் வீட்டுக்கும் அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. அதையும் சொல்லணும் இல்லையா?

இதை ஏன் உங்ககிட்ட சொல்றேன்? நாம வீட்டுக்குள்ள எப்படிப் போறோம்? செருப்பைக் கழட்டும்போதே போன். சாப்பிடும்போது இன்னொரு யோசனை. பதில் சொல்லிக்கிட்டே அடுத்த அறைக்குப் போயிடுறோம். வீட்ல இருக்கறவங்க மனசுலயும் ஒரு அளவுக்குத்தாங்க இடம் இருக்கு. நாம ஓடிக்கிட்டே இருந்தா அவங்களுக்குத் தெரியறது வெறும் கட்டம்தான். இன்னைக்குப் போனதும்… அவங்க எதிர்ல கொஞ்சம் அசையாம நில்லுங்க. உங்க முகம் போய்ச் சேரட்டும்.