குறுக்குக் கம்பி

இருதயநாதன் அண்ணன் எனக்குத் தர வேண்டியிருந்தது ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய். பெரிய தொகை என்று நான் சொல்லவில்லை ஐயா. பழைய இரும்புக் கடையில் பைப்புக்கு நான் போட்ட கைக்காசு போக, மிச்சம் என் கூலி.

நாகல் நகரில் அவர் வீட்டுச் சமையல்கட்டில் ஆள் திரும்ப இடமில்லை. பாதித் தரையைப் பழைய கிரைண்டர் அடைத்துக்கொண்டிருந்தது. அதை மேலே ஏற்றிவிட்டு, வேண்டும்போது இறக்கிக்கொள்கிற மாதிரி ஒன்று கேட்டார். கடையில் எட்டாயிரம் சொன்னார்களாம். நான் இரண்டாயிரத்து முந்நூற்று ஐம்பதுக்கு ஒத்துக்கொண்டேன். ஐந்நூறு முன்பணம் கொடுத்தார்.

வேலை இதுதான். மேல் காங்கிரீட்டில் இறுக்கிய ஒரு பைப்பு, அதற்குள் ஏறி இறங்கும் இன்னொரு பைப்பு, அடியில் தட்டு. பைப்பு இரண்டிலும் வரிசையாகத் துளை. வேண்டிய உயரத்தில் நிறுத்தி, துளையில் விரல் கனத்துக்கு ஒரு குறுக்குக் கம்பியைச் செருக வேண்டும். மொத்தப் பாரமும் அந்தக் கம்பியில்தான்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. காசு முழுசாக வரும்வரை ஏதாவது ஒரு சாமானைக் கையில் வைத்துக்கொள்வோம். கதவென்றால் தாழ்ப்பாள். நான் குறுக்குக் கம்பியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அதற்குப் பதில் ஓர் ஆணியைச் செருகி வைத்தேன்; வெறும் தட்டு நிற்பதற்கு அது போதும்.

"காசு வந்ததும் கம்பி தாரேண்ணே. அதுவரைக்கும் இதுல பாரம் ஏத்தாதீங்க" என்றேன். சொன்னேன் என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு தரம் போய் வெறுங்கையோடு வந்தேன். மூன்றாம் தரம் போனபோது கிரைண்டர் மேலே இருந்தது. ஆணி வளைந்திருந்தது.

"பாத்தியா கருப்புசாமி, ஒன் கம்பி இல்லாமலே அம்புட்டுக் கனமும் நிக்குது. ஆணிக்கு என்ன ரேட்டு? அதச் சொல்லு, தாரேன்" என்று சிரித்துக்கொண்டே அண்ணன் குளிக்கப் போனார்.

"அவுக கெடக்காக, நீ டீயக் குடிப்பா" என்றார் அவர் மனைவி வியாகுலம்மாள் அக்கா. பிறகு தட்டுக்கு நேர் கீழே மணையைப் போட்டு, உட்கார்ந்து வெங்காயம் உரித்தார். கிரைண்டர் ஏறியபிறகு அவருக்குக் கிடைத்த இடம் அது.

"ஏப்பா, இது நிக்குமா? எனக்கு என்னமோ பக்கு பக்குன்னு இருக்கு."

கம்பி என் பையில் இருந்தது. செருகுவதற்குச் செத்த நேரம் போதும். ஆனால் செருகிவிட்டால் காசு வராது.

"நிக்கும்க்கா" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு வெங்காயத்தை எடுத்தார். நான் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

ஒரு தரம் விழுந்தால் அண்ணன் காசோடு என்னைத் தேடி வருவார் என்று நினைத்தேன். விழும்போது கீழே யார் இருப்பார் என்பது தெரியாது என்று சொன்னால் அது பொய். மறுநாள் பத்து மணிக்கு விழுந்தது. ஆஸ்பத்திரி போகுமுன்னே முடிந்துவிட்டது.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அண்ணன் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "ஒம் பேச்சக் கேக்காம நாந்தாம்ப்பா அவளக் கொன்னுட்டேன்" என்று அழுதார். அக்கா என்னிடம் கேட்டது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. பணத்தை நீட்டினார். எண்ணிப் பார்த்தேன், சரியாக இருந்தது.

சொன்ன சொல்லை மீறுகிறவன் இல்லை ஐயா நான். உள்ளே போய்க் கம்பியை எடுத்து, துணியால் துடைத்து, அவர் கையில் கொடுத்துவிட்டேன்.