செம்புச் சட்டியில் கெட்சப்

கடையில் விற்கும் கெட்சப்பில் தக்காளியைவிடச் சர்க்கரைதான் அதிகம், மேடம். வீட்டில் செய்து பழகிவிட்டால் அதை வாயில் வைக்க முடியாது. நீங்கள் கேட்டது வேறு என்று தெரியும். ஆனால் இங்கிருந்து ஆரம்பித்தால்தான் எனக்குச் சொல்ல வரும்.

பழம் நன்றாகக் கனிந்திருக்க வேண்டும். நறுக்கி, வெங்காயமும் பூண்டும் போட்டு, கிராம்பையும் பட்டையையும் ஒரு துணியில் முடிந்து உள்ளே இறக்கி வேகவிட வேண்டும். வெந்ததும் முடிச்சைப் பிழிந்து எடுத்துவிட்டுச் சல்லடையில் தேய்த்தால் தோலும் விதையும் மேலே நின்றுவிடும். பிறகு சர்க்கரை, உப்பு, வினிகர். அப்புறம் கிளறிக்கொண்டே இருப்பதுதான் வேலை. ஒரு சொட்டைத் தட்டில் விட்டால் அதைச் சுற்றி நீர் பிரிந்து ஓடக் கூடாது. ஓடாவிட்டால் பதம் வந்துவிட்டது. பொறுமை மட்டும் போதும். என்னிடம் வேறு எது இல்லாவிட்டாலும் அது உண்டு.

வீட்டில் நான், அம்மா, அக்கா மூன்று பேர். அம்மா ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறாள். "நாள் பூரா தட்டுல காஞ்ச சாஸைச் சுரண்டுறேன். வீட்டுலயும் அது மூஞ்சியில முழிக்கணுமா?" என்பாள். தொடவே மாட்டாள். அக்கா நேர் எதிர். முட்டைக்கு, ரொட்டிக்கு, வெறும் சோற்றுக்கு எல்லாவற்றுக்கும் கெட்சப். ஒருமுறை வாழைப்பழத்தை அதில் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, "நல்லாத்தான்டி இருக்கு" என்று சாதித்தாள்.

எனக்கு வெளியாட்கள் முன்னால் வாய் வராது. அதனால்தான் உங்களுக்கும் இதை எழுதித் தருகிறேன். அக்கா என்னைக் 'கோட்டான்' என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் வேறு யாராவது அப்படிச் சொன்னால் சண்டைக்குப் போவாள். கடையில் எனக்காக அவள்தான் கேட்பாள். போன் வந்தால் அவள்தான் எடுப்பாள். பல் டாக்டர் என்னைப் பார்த்து, "எந்தப் பல்லும்மா வலிக்குது?" என்று கேட்டபோது அக்கா தன் வாயை அகலத் திறந்து, "இந்தப் பல்லு டாக்டர், ஆனா அவளுக்கு" என்றாள். அவர் கொஞ்ச நேரம் குழம்பிவிட்டார். இப்போதும் நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

செம்புச் சட்டி ஓட்டலிலிருந்து வந்தது. உள்ளே ஈயப் பூச்சு தேய்ந்துவிட்டது என்று தூக்கிப் போட்டார்களாம். அழகாக இருக்கிறதே என்று அம்மா எடுத்து வந்து வெங்காயம் போட்டு வைத்தாள். ஒருநாள் வேறு பாத்திரம் ஒழியாததால் நான் அதில் கெட்சப் காய்ச்சினேன். கரண்டியை நக்கி நக்கிப் பார்த்தேன். விடிந்ததும் ஒரே வாந்தி. அன்றைக்குத்தான் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்க வேண்டிய முறை எனக்கு. வாசிக்காமல் தப்பித்தேன். அதற்குப் பிறகு தேவைப்பட்டபோதெல்லாம் அந்தச் சட்டியை எடுத்தேன். ஒன்பதாவதில் பள்ளிக்கூடமே அம்மாவைக் கூப்பிட்டு, பெண் வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், என் மேல் சோதித்துப் பார்க்காத எதையும் நான் அக்காவுக்குக் கொடுத்ததில்லை.

அக்காவுக்கு ரயில் ஓட்ட ஆசை. சின்ன வயதிலிருந்தே தண்டவாளத்துப் பக்கம்தான் நிற்பாள். பயிற்சியில் சேர்ந்தாள். ஓட்டிக் காட்டும் தேர்வுக்குக் கடிதம் வந்தது. தேறினால் எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போடுவார்கள் என்று சந்தோஷமாகச் சொன்னாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள், மேடம். அதில் நான் எங்கே என்று அவள் யோசிக்கவில்லை. அவள் மேல் எனக்குக் கோபம் கிடையாது.

அந்த வாரம் ஈயம் பூசுகிறவர் தெருவுக்கு வந்தார். அக்கா சட்டியைக் கொண்டுபோய்க் காட்டினாள்.

"உள்ள செம்பு தெரியுது பாருங்க. இதுல புளிப்பு மட்டும் வச்சிடாதீங்க, குடலைப் புரட்டிடும். பூசிட்டா புதுசு மாதிரி ஆயிடும்."

"கேட்டுக்கோ கோட்டான், புளிப்பு வைக்கக் கூடாதாம். இவளுக்கு வாய் கிடையாதுண்ணே, காது நல்லா இருக்கு. நாளைக்கு இவகிட்டயே வாங்கிக்கங்க."

மறுநாள் அவர் வாசலில் வந்து நின்றபோது அக்கா பயிற்சிக்குப் போயிருந்தாள். "சட்டி?" என்றார். நான் இல்லை என்று தலையாட்டினேன். "அக்கா சொன்னாங்களேம்மா?" என்றார். மறுபடியும் தலையாட்டினேன். போய்விட்டார். வெளியாள் ஒருவரோடு நான் தனியாக ஒரு காரியத்தை முடித்தது அதுதான் முதல் தடவை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

முதல் தேர்வன்று அக்கா நடைமேடையிலேயே வாந்தி எடுத்தாள். "பயம்தான், வேற ஒண்ணுமில்ல" என்றார் டாக்டர். அக்காவுக்குப் பயமா என்று அம்மா சிரித்தாள். இரண்டாவது தேர்வன்று வண்டியில் ஏறும் முன்பே மயங்கிவிட்டாள். அதற்கப்புறம் அக்காவே நம்ப ஆரம்பித்தாள். "எனக்குள்ள இப்படி ஒரு பயந்தாங்கொள்ளி இருக்கான்னு தெரியாமப் போச்சுடி" என்று என் மடியில் படுத்து அழுதாள். நான் தலையைத் தடவிக் கொடுத்தேன். பயத்தைப் பற்றி அந்த வீட்டில் என்னைவிட யாருக்குத் தெரியும்?

மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு. அதை நான் சாதாரணமாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஆனால் அக்கா கையோடு ஒரு வாளியைக் கொண்டுபோனாள். என்ஜின் அறையில் அதைக் காலடியில் வைத்துக்கொண்டு, வாந்தி எடுத்து எடுத்து, வண்டியைச் சரியான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறாள். தேர்வு அதிகாரி எழுந்து கை கொடுத்தாராம். வேலை உத்தரவு வந்தது. தூரத்து ஊர்.

அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு நடந்தாள். எனக்கும் பெருமைதான். அக்கா பெட்டி அடுக்கும்போது, "அங்கயும் உன் சாஸ்தான்டி எனக்கு. நாலு பாட்டில் போட்டுக் குடு" என்றாள். அவள் கேட்டுத்தான் செய்தேன், குறித்துக்கொள்ளுங்கள். வழக்கமாகப் பதம் வந்ததும் பாட்டிலுக்கு மாற்றிவிடுவேன். இந்தத் தடவை மறுநாள் வரைக்கும் சட்டியிலேயே ஆறவிட்டேன். சிவப்பு கொஞ்சம் மங்கியது. நாலு பாட்டில் நிரப்பியது போக ஒரு கிண்ணம் மிஞ்சியது. கிளம்புவதற்கு முந்தைய நாள் முழுக்க அவள் அதைத்தான் தொட்டுக்கொண்டாள். "லேசா இரும்பு வாடை அடிக்குதுடி" என்றாள். பழம் அப்படி என்றேன். அக்காவிடம் எனக்குப் பேச்சு நன்றாக வரும்.

பெட்டியைத் தூக்கியவள் வாசலைத் தாண்டவில்லை.

கல்லீரல் என்கிறார்கள். கண்ணெல்லாம் மஞ்சளாகிவிட்டது. என்ன சாப்பிட்டாள் என்று டாக்டர் கேட்டபோது பாட்டிலை எடுத்துக் கொடுத்ததே நான்தான். சட்டியையும் ஒளிக்கவில்லை. வெங்காயத்தைத் தள்ளிவிட்டு அடியில் பளபளத்த செம்பை உங்கள் போலீஸ் ஆட்கள் போட்டோ எடுத்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். செய்தது நான். தெரிந்துதான் செய்தேன். கொல்ல நினைக்கவில்லை, போகாமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன். மூன்றாவது தடவையே அவள் தோற்றிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. அதை மட்டும் யாரும் யோசிப்பதில்லை.

காலையில் ஆஸ்பத்திரியில் அக்கா படுத்திருக்கும் அறைக்குள் நீங்கள் என்னைக் கூட்டிப்போனபோது அவள் சொன்னதை நீங்களும் காதால் கேட்டீர்கள். அவளால் தலையைத் தூக்க முடியவில்லை. ஆனாலும் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவகிட்ட எதுவும் கேக்காதீங்க மேடம். வாயில்லாத பொண்ணு, பயந்துடுவா. எதுவா இருந்தாலும் என்னையே கேளுங்க, நான் சொல்றேன்."

பார்த்தீர்களா? அவளை அந்த ஊருக்கு அனுப்பியிருந்தால், எனக்காக இன்றைக்கு இதை யார் சொல்லியிருப்பார்கள்?