ஒரு வீடு பாக்கி

அய்யோ, மழைன்னு மட்டும் ஆரம்பிச்சுடாதீங்க சார். மழை நேத்தும்தான் பெஞ்சுது, நேத்து நம்ம படகு கவுந்துச்சா? கதவுக்கு வெளிய, முன்வரிசைல உக்காந்திருக்கிற டிவிக்காரரு இதத்தான் கேப்பாரு. நீங்க முழிப்பீங்க. முதலாளி முழிக்கிறத ஊரே பாக்கும்.

கொஞ்சம் நிமிருங்க, காலர் மடிஞ்சிருக்கு. மைக்க இப்படிக் குத்திடறேன்.

நடந்தத நடந்த மாதிரி சொல்லுங்க. சாயங்காலப் படகு அக்கரைலேருந்து கிளம்புச்சு, துறைக்குப் பக்கத்துல வந்து கவுந்துச்சு, ஆறு பேர் செத்துட்டாங்க. செத்துட்டாங்கன்னே சொல்லுங்க சார். உயிரிழப்பு ஏற்பட்டுள்ளதுன்னு வக்கீல் எழுதிக் குடுத்தாரே, அத ஓரமா வைங்க. ஏன் கவுந்துச்சுன்னு கேட்டா, இன்னும் தெரியல, தெரிஞ்சதும் நானே வந்து சொல்றேன்னு சொல்லுங்க. தெரியாதுன்னு சொல்றதுல ஒண்ணும் கொறஞ்சு போயிட மாட்டீங்க. இதப்பத்தி எதுவும் பேச விரும்பலன்னு சொன்னீங்க, முடிஞ்சுது கதை. எதையோ மறைக்கிறான்னுதான் எழுதுவாங்க.

என் போனா? அடிக்கட்டும், விடுங்க.

தெரியும் சார். மூணாவது மணி அடிக்கிறதுக்குள்ள எடுக்கணும்னு டிக்கெட் கவுண்டர்ல இருக்கிறவங்க உயிர வாங்குனவன் நான்தான். முதுகுக்குப் பின்னால என்னை மூணுமணின்னு கூப்பிடறாங்களே, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? ஆனா ஒருத்தர் நமக்கு போன் பண்றாங்கன்னா ஏதோ ஒரு தவிப்புலதான் பண்றாங்க. பைய விட்டுட்டுப் போயிருப்பாங்க, இல்ல புள்ள இன்னும் வீடு வந்து சேந்திருக்காது. அடிக்க அடிக்க அந்தத் தவிப்பு ஏறிக்கிட்டே போகும் சார். அது தெரிஞ்சும் இன்னிக்கு எடுக்காம நிக்கிறேன்.

ம்ஹூம், இப்ப கதவத் திறக்கக் கூடாது. தட்டுனா தட்டட்டும். இன்னும் ஒரு வீட்டுக்குச் சொல்லல. வீட்டுக்கு முதல்ல, டிவிக்கு அப்புறம். உங்கப்பா இருந்தப்பவே இதுல மட்டும் நான் விட்டுக் குடுத்ததில்ல.

பேரச் சொல்லாம ஆறுன்னு மட்டும் சொல்லலாமாவா? நல்லா கேட்டீங்க போங்க. இன்னும் வராத புள்ளைக்கு வாசலப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிறவ, அந்த ஆறுல தன் புள்ளையத்தானே தேடுவா?

போன்லயும் கூடாது. மத்த அஞ்சு வீட்டுக்கும் நம்ம ஆளுங்க நேர்ல போய்த்தான் சொன்னாங்க. உக்கார வைக்கணும். சுத்தி வளைக்காம முதல்லயே சொல்லிடணும். அவங்க அடிச்சா வாங்கிக்கணும். சொல்லி முடிச்சதும் ஓடி வந்துடக் கூடாது, பக்கத்துலயே உக்காந்திருக்கணும். போன்ல சொல்லி, அந்தப் பக்கம் அவங்க கீழ விழுற சத்தம் கேட்டா, இங்கேருந்து என்ன பண்ணுவீங்க?

அந்த வீட்டுக்கு ஆள் போகாததுக்குக் காரணம் நான்தான். கிளம்புனவங்களத் தடுத்துட்டேன். நர்ஸ் சார் அந்தப் பொண்ணு. அக்கரை ஆஸ்பத்திரில. டூட்டி முடிச்சுட்டு வந்துகிட்டிருந்தா. காலைல அவ செருப்பு வாரு அறுந்துடுச்சு. அவசரத்துக்கு அம்மா செருப்ப மாட்டிக்கிட்டுப் போயிட்டா. அவங்கம்மா காலைலேருந்து வெறுங்காலோட சுத்திக்கிட்டு, வரட்டும் அவன்னு திட்டிக்கிட்டிருந்தா. துறையில போத்தி வச்சிருந்தாங்க. காலு மட்டும் வெளிய தெரிஞ்சுது. செருப்பப் பாத்ததுமே அப்பாவுக்குத் தெரிஞ்சுபோச்சு.

அப்பா எங்கயா? இங்கதான் சார். உங்க சட்டக் காலரச் சரி பண்ணிக்கிட்டு நிக்கிறாரு.

வேணாம், உக்காருங்க. மைக்கு வயரு அறுந்துடும்.

போகத்தான் பாத்தேன். ரெண்டு தெரு தாண்டுனா வீடு. படி வரைக்கும் போயிட்டேன், அதுக்கு மேல கால் வரல. திரும்பி வந்தா நீங்க மழை மழைன்னு சொல்லிப் பாத்துக்கிட்டிருந்தீங்க. சரி, தெரிஞ்ச வேலையாச்சேன்னு கை பாட்டுக்குச் செய்யுது. எத்தன பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன், முதல் வார்த்தை இப்படி இருக்கணும், குரல் இப்படி இருக்கணும்னு. எனக்கு அந்த முதல் வார்த்தையே வரமாட்டேங்குது சார். அவ பேரச் சொல்லவா? பேரச் சொன்னாலே, வந்துட்டாளான்னு அவங்கம்மா எந்திரிச்சுடுவா.

பாருங்க, திரும்ப அடிக்கிறா. நான் ஆபீஸ்ல இருக்கேன், எனக்கு எல்லாம் தெரியும்னு நம்பிக்கிட்டு அடிக்கிறா. எடுத்தா என் குரல்லயே கண்டுபுடிச்சுடுவா.

நீங்க அழாதீங்க சார். நீங்க அழுதா நான் வீடு போய்ச் சேர மாட்டேன். அவ டிவியப் போட்டு வச்சுக்கிட்டு அதுக்கு முன்னாலதான் உக்காந்திருப்பா. நான் போய் அத நிறுத்துற வரைக்கும் இந்தக் கதவ மட்டும் திறக்காம பாத்துக்குங்க.